யாக்கோபு ஏறின வண்டி



பிரியமான தேவ ஜனமே, ஆதியாகமம் 45-ம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று மக்கள் வந்து சொன்னபோது யாக்கோபு நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஏறக்குறைய 22 வருஷத்துக்கு முன் இரத்தம் தோய்ந்த அங்கியைக் கொண்டுவந்து காட்டினதும் இதே பிள்ளைகள்தானே! அந்த வாய்கள் சொன்ன எதையும் நம்பாத அந்தக் கிழவனார், வாசலில் வந்து நின்ற வண்டிகளைப் பார்த்தார். பார்த்தவுடனே அவருக்குள் ஆவி உயிர்த்தது என்று வேதம் சொல்லுகிறது. பிள்ளைகளின் வார்த்தை செய்யாததை வண்டி செய்தது. அப்போது அவருக்கு வயது 130.

வேதத்தில் வண்டியைப் பார்த்து ஆவி உயிர்த்த ஒரே மனுஷன் இவர்தான் என்று நினைக்கிறேன். ஆனால் தர்மபுரி மாவட்டத்தில் இன்னொருவர் உண்டு. அவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

நம் சபையின் மூத்த விசுவாசிகள் ஒரு தம்பதி. ஊரும் பேரும் வேண்டாம். எழுதலாம் என்று அவர்களே அனுமதி கொடுத்தார்கள். ஐயாவுக்கு 71, அம்மாவுக்கு 66. ஐயா மலைக் கிராமப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பெங்களூரில், மகள் திருநெல்வேலிப் பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கோம். நீங்க ஜெபிச்சு ஒரு வார்த்தை சொல்லணுங்க."

"நல்லதுங்கய்யா. என்ன வண்டி, காரா?"

"கார் இல்லீங்க. கேரவன்."

எனக்குத் தெரிந்த கேரவன், சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்திருப்பது. அதுவேதான் என்றார். ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் மாதிரியான வேன்களை எடுத்து, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் வைத்து வீடாகவே கட்டிக் கொடுக்கிறார்களாம். மேல்நாட்டில் வேலை ஓய்வு பெற்ற அநேகர் வீட்டை விற்றுவிட்டு இதிலேயே வருஷக்கணக்காகக் குடியிருக்கிறார்கள். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலா என்றே ஒரு கொள்கை அறிவித்து, 2022-ல் வாகமண்ணில் அந்த வண்டிகள் நிற்பதற்கு ஒரு பூங்காவும் திறந்தது. நம் தமிழ்நாட்டின் 2023-ம் வருஷத்துச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் என்ற பெயர் இருக்கிறது. ஐயா இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, விலைப்பட்டியலை மடித்து உள்ளே வைத்திருந்தார். வாத்தியார் அல்லவா!

"இந்த வயசுல இது எதுக்குங்கய்யா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னே அம்மா பேசினார்கள்.

"நான் சொல்றேங்க. என்னால பஸ்சுல போக முடியல. முழங்கால் மடங்காது. தரையில உக்கார்ற கக்கூஸ் என்னால முடியாது. பஸ் ஸ்டாண்டுல, ஓட்டல்ல எங்க போனாலும் அதுதான் இருக்கு. திருநெல்வேலிக்குப் பேரனைப் பாக்கப் போகணும்னா முந்தின நாள் ராத்திரியிலேர்ந்தே தண்ணி குடிக்கறத நிறுத்திடறேன். சுகர் வேற. போன தடவ பாதி வழியில மயக்கம் வந்துடுச்சு. கன்வென்ஷனுக்கு நான் வந்து மூணு வருஷம் ஆச்சுங்க ஐயா. எல்லாரும் நான் விசுவாசத்துல பின்வாங்கிட்டேன்னு நினைக்கறாங்க."

தேவ பிள்ளைகளே, இதை வாசிக்கிற சகோதரிகள் எத்தனை பேருக்கு உள்ளுக்குள் ஆமென் என்று வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் மாவட்டத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-ல்தான். அதற்கு முன் ஆழ்குழாய்த் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்குப் பல் மஞ்சளித்து, எலும்பு இறுகிப்போயிருக்கிறது! அம்மாவின் முழங்காலுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கூட்டத்துக்கு வராத முதியவர்களை விசுவாசக் குறைவு என்று சொல்வதற்கு முன், கூட்டம் நடக்கிற இடத்தில் அவர்களுக்கு ஏற்ற கழிவறை இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். "அந்த வண்டியிலயும் ஒரு அடுப்பு இருக்குதுங்க. எங்க போனாலும் நான்தான் சமைக்கணும்போல. பரவால்லீங்க, பாத்ரூம் இருக்குதே, அதுக்காகவே சமைச்சுப் போட்டுடுவேன்."

நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு நான் ஐயாவைப் பார்த்துக் கேட்டேன்: "உங்களுக்கு எதுக்குங்கய்யா வேணும்?"

"ஊழியத்துக்குத்தாங்க. மலைக் கிராமங்களுக்குப் போலாம், கைப்பிரதி கொடுக்கலாம், அங்கயே தங்கி ஜெபிக்கலாம்."

"அவ்வளவுதானா?"

கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கன்னியாகுமரியில சூரியன் உதிக்கறதப் பாக்கணுங்க. அப்படியே கிழக்குக் கரையோரமா மேல வரணும். வாத்தியாரா இருந்து 30 வருஷம் பசங்களுக்கு மேப்புல காட்டினேன். ஒரு ஊரும் பாக்கல."

பிரியமானவர்களே, அந்த இரண்டாவது பதிலுக்காக நான் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன். ஆசையை ஆசை என்று சொல்லுவதற்கு நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். அதற்கு ஊழியம் என்று ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு வருகிறார்கள். நாம் அனுபவிக்கிறதற்கும் சகலவற்றையும் தேவன் கொடுக்கிறார் என்று 1 தீமோத்தேயு 6-ம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருக்கிறாரே! சூரியோதயம் பார்ப்பது பாவமல்ல. உங்கள் ஆசைக்குக் கர்த்தருடைய பெயரைக் கையெழுத்தாகப் போடாதீர்கள், அவ்வளவுதான். ஊழியம் என்று சொல்லி வாங்கினால், போகாத ஒவ்வொரு மாதமும் மனச்சாட்சி குத்தும். ஆசைக்காக வாங்கினேன் என்று தேவனிடம் நேராகச் சொல்லி வாங்கினால், அதில் ஏறிப்போய் ஒரு கிராமத்தில் ஜெபிக்கும்போது அது உற்சாகமான காணிக்கையாயிருக்கும்.

சரி, ஆசை தப்பில்லை. கணக்கு? கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைப் பார்க்க வேண்டும் என்பது நம் ஆண்டவரே சொன்ன உவமை. ஆகையால் நாங்களும் உட்கார்ந்தோம். என் மனைவி காபி கொண்டுவந்தாள்.

ஐயாவின் ஓய்வுப் பணத்தில் 20 லட்சம் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் இதன் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி, வட்டியையும் 8.2 சதவீதமாக்கினார்கள். அந்த வட்டிக்கு 20 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வருகிறது. அம்மாவின் மருந்து, தசமபாகம், பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது என்று எல்லாம் இதிலிருந்துதான். இந்தப் பணத்தை எடுத்து வண்டியாக்கினால் என்ன ஆகும்? புது வண்டியின் மதிப்பை இன்சூரன்ஸ்காரர்கள் குறைத்துக்கொண்டே போகிற அட்டவணை ஒன்று உண்டு. ஆறு மாதத்தில் 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, அடுத்து 20, 30, 40. நாலு வருஷம் தாண்டினால் பாதி. தபால் நிலையத்தில் போட்ட 20 லட்சம் 20 லட்சமாகவே உட்கார்ந்து சோறு போடுகிறது. வண்டியில் போட்டது தானும் கரைகிறது, டீசலும் கேட்கிறது.

"வண்டிய வித்துக்கலாம்ல?" என்றார் ஐயா. விற்கலாம். ஆனால் காரை வாங்க நூறு பேர் வருவான். கேரவனை வாங்க அரூரில் யார் வருவான்?

அடுத்தது சட்டம். இதை நான் விசாரித்தே எழுதுகிறேன். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை வாடகை வண்டியாக அல்ல, தனியார் வண்டியாகவே பதிவு செய்யலாம். ஆனால் சாதாரண வேனை வாங்கி, தெரிந்த பட்டறையில் கொடுத்து, சீட்டைப் பிடுங்கிக் கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கரூரில் பஸ்சுக்கே கூடு கட்டுகிற கைகாரர்கள் இருக்கிறார்கள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டுகிறார்கள், திறமைக்குக் குறைவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. மாற்றின வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொரு கணக்கு என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. புதுத் தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம். 2019-ல் திருத்தின சட்டத்தின்படி, 55 வயதைத் தாண்டினவர் லைசென்சைப் புதுப்பித்தால் கிடைப்பது 5 வருஷம். ஒவ்வொரு தடவையும் மருத்துவச் சான்றிதழ். ஐயா இன்று வாங்கினால் வண்டியின் பதிவு முடியும்போது அவருக்கு 86 வயது. வண்டிக்குப் பதினைந்து கொடுக்கிற சர்க்கார், ஓட்டுகிற கைக்கு ஐந்துதான் கொடுக்கிறது.

"ஐயா, நீங்க ஓட்ட முடியாமப் போற அன்னிக்கு இத யார் ஓட்டுவா?" என்று கேட்டேன். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. பெங்களூர் மகனுக்கு லீவு கிடையாது. நோட்டில் அதற்குப் பதில் எழுதப்படவில்லை.

தொப்பூர் கணவாயைத் தெரியாத தர்மபுரிக்காரன் உண்டா? ஐயா பார்க்க நினைக்கிற கன்னியாகுமரிக்குப் போவதும் அந்த வழிதான், பழைய என்.எச். 7, இப்போது 44, காஷ்மீரிலிருந்து குமரி வரைக்கும். பாரம் ஏற்றின லாரி அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னே போகிற வண்டிகளை அடித்துக்கொண்டு போன செய்திகளை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்! அந்த இறக்கத்தில் 71 வயதுக் கண்ணும் காலும், பின்னால் கட்டில், அடுப்பு, கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுமந்த வண்டி. கழிவுத் தொட்டி நிறைந்தால் அதை எங்கே கொட்டுவது என்பதும் ஒரு கேள்வி. அம்மாவுக்காக வாங்குகிற கழிவறையை ரோட்டோர ஓடையில் காலி பண்ணினால் அது சாட்சியாகுமா?

இந்த இடத்தில் சிலர், "பாஸ்டர், இவ்வளவு கணக்குப் போட்டா விசுவாசம் எங்கே?" என்பீர்கள். ஐயாவும் கேட்டார். அதற்குக் காரணம் உண்டு. வெளி மாவட்டத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தீர்க்கதரிசனம் சொல்லுகிற ஒரு சகோதரன் இவர் தலையில் கைவைத்து, "நாலு சக்கரம் பார்க்கிறேன், வெள்ளை நிறம் பார்க்கிறேன், கர்த்தர் உன்னை ஏற்றிக்கொண்டு போகிறார்" என்றாராம். அன்றைக்கிருந்துதான் விலைப்பட்டியல் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்.

நான் மெதுவாகச் சொன்னேன்: "ஐயா, ஆம்புலன்சுக்கும் நாலு சக்கரம், அதுவும் வெள்ளைதாங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பரியாசத்துக்காகச் சொல்லவில்லை. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவும் இல்லை. நானே ஆவியானவரின் வார்த்தையினால் ஊழியத்துக்கு வந்தவன். ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14 கட்டளையிடுகிறதே, அதை நாம் ஏன் பிரசங்கிப்பதில்லை? சொன்ன சகோதரன் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். தவணை கட்டப்போவது இவர்.

இப்போது வேதத்துக்கு வருவோம். இந்தத் தம்பதிக்காக ஜெபித்த நாட்களில் கர்த்தர் எனக்கு இரண்டு கிழவர்களைக் காட்டினார். ஒருவன் காலேப். 40 வயதில் வேவு பார்க்கப் போனவன், 85 வயதில் யோசுவாவுக்கு முன்பாக வந்து நிற்கிறான். அன்றைக்கு இருந்த பெலன் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது, அந்த மலையை எனக்குத் தாரும் என்கிறான். ஏனாக்கியர் குடியிருக்கிற மலை! இந்தப் பகுதியை வைத்து முதியோர் கூட்டங்களில் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். நானும் பண்ணியிருக்கிறேன்.

மற்றவனைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? கீலேயாத்தியனான பர்சிலா. வயது 80, காலேபைவிட ஐந்து வயது இளையவன். மகா செல்வன். அப்சலோமுக்குத் தப்பி தாவீது மக்னாயீமுக்கு வந்தபோது மெத்தையும் கோதுமையும் தேனும் வெண்ணெயும் கொண்டுவந்து போஷித்தவர்களில் ஒருவன். யுத்தம் முடிந்து ராஜா திரும்பிப் போகும்போது, என்னோடே எருசலேமுக்கு வா, உன்னை நான் பராமரிக்கிறேன் என்று கூப்பிடுகிறார். ராஜ அரமனை, ராஜ போஜனம்! அவன் என்ன சொன்னான்? 2 சாமுவேல் 19-ஐ வாசியுங்கள். எனக்கு இனி சாப்பாட்டின் ருசி தெரியுமா, பாடுகிறவர்களின் சத்தம் கேட்குமா, உமக்கு ஏன் பாரமாயிருக்க வேண்டும் என்கிறான். யோர்தானுக்கு அப்புறம் கொஞ்ச தூரம் கூடப் போய், ராஜா தன்னை முத்தஞ்செய்து அனுப்ப, தன் ஊருக்கே திரும்பிவிடுகிறான். என் தாய் தகப்பனுடைய கல்லறை இருக்கிற இடத்திலே நான் மரிக்கட்டும் என்று விரும்பினான்.

வேதம் காலேபைப் புகழ்ந்துவிட்டு பர்சிலாவைக் கோழை என்று சொல்லவில்லை. ராஜா அவனை ஆசீர்வதித்து அனுப்பினார். 85 வயதில் மலை ஏறினவனும் சரி, 80 வயதில் வீட்டுக்குத் திரும்பினவனும் சரி. அப்படியானால் வித்தியாசம் எங்கே? காலேபுக்கு அந்த மலை 45 வருஷத்துக்கு முன்னே வாக்களிக்கப்பட்டிருந்தது. ஒரு கன்வென்ஷனில் பார்த்து வந்த ஆசை அல்ல அது. பர்சிலாவோ தன் நாவையும் காதையும் சோதித்துப் பார்த்து, உள்ளதை உள்ளபடி ராஜாவிடமே சொன்னான். இன்று நம்மில் எத்தனை பேர் கண்ணில் புரை வந்ததை மறைத்துக்கொண்டு லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறோம்?

ஜான் வெஸ்லியின் சரித்திரமும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1703-ல் பிறந்து 1791-ல் மரித்தவர். சுவிசேஷத்துக்காக ஏறக்குறைய 2,50,000 மைல் பிரயாணம் பண்ணினார் என்பார்கள். பெரும்பகுதி குதிரையின் மேல், கடிவாளத்தைத் தளரவிட்டுப் புத்தகம் வாசித்துக்கொண்டே. சரீரம் இடங்கொடாத வயதில் குதிரையைவிட்டு வண்டிக்கு மாறினார். அந்த வண்டிக்குள்ளே புத்தக அலமாரி வைத்துக்கொண்டார். அன்றைக்கு அதுதான் கேரவன். 1791 பிப்ரவரி 23-ல் கடைசிப் பிரசங்கம், மார்ச் 2-ல் மகிமைக்குள் பிரவேசித்தார். ஊழியம் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு வண்டி வந்தது. வண்டி வந்தால் ஊழியம் பிறக்கும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஐயா மலைக் கிராமத்துக்குப் போக வேண்டுமானால் அரூரிலிருந்து சித்தேரிக்கு இன்றைக்கே போகலாம்.

பிரயாண ஆசை வேறு, வண்டி ஆசை வேறு என்பதையும் அவரிடம் சொன்னேன். கொச்சியில் ஒரு சிறிய டீக்கடை நடத்தின விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். நம் விசுவாசத்தார் அல்ல, ஆனாலும் கற்றுக்கொள்ளலாம். கடை வருமானத்தில் தினம் 300 ரூபாய் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பிவந்து டீ ஆற்றிக் கடனை அடைத்து, மறுபடி கிளம்பி, இப்படியே 25 நாடுகளுக்கு மேல் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் இருவரும் ரஷ்யா போய் வந்தார்கள். நவம்பரில் அவர் காலமானார். உலகம் சுற்றினவர்களுக்கு மிஞ்சின சொத்து அந்த டீக்கடைதான்.

"ரயில்லயும் சலுகை போச்சுங்களே ஐயா" என்றார். உண்மைதான். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் இருந்த முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். முழுக் கட்டணம் கொடுத்து, மேல்நாட்டு மாதிரிக் கழிவறை உள்ள பெட்டியில் இருவரும் வருஷத்துக்கு நாலு தடவை போய்வந்தாலும், மூன்று மாதத்து வட்டியே மிஞ்சும் என்று அவருடைய நோட்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன்.

இவ்வளவும் சொன்னதினால், வாங்காதீர்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். யாக்கோபு வண்டியில் ஏறினாரே! ஆனால் எப்படி ஏறினார் என்று பாருங்கள். ஆவி உயிர்த்தது, போய்ப் பார்ப்பேன் என்றார், புறப்பட்டார். ஆனாலும் 46-ம் அதிகாரத்தில் பெயெர்செபாவுக்கு வந்ததும் நிற்கிறார். கானானின் தெற்கு ஓரம் அது. அதைத் தாண்டினால் பாலைவனம், அப்புறம் எகிப்து. அங்கே பலியிடுகிறார், இராத்திரி தங்குகிறார். தேவன் அவரோடே பேசுகிறார். பயப்படாதே, நானும் உன்னோடே வருவேன் என்கிறார். அதோடு நிறுத்தினாரா? இல்லை. உன்னைத் திரும்பவும் கொண்டுவருவேன், யோசேப்பு தன் கையால் உன் கண்களை மூடுவான் என்கிறார். கவனியுங்கள் தேவ ஜனமே! பிரயாணத்தைப் பற்றிப் பேசின அதே ராத்திரியில் தேவன் மரணத்தைப் பற்றியும் பேசினார். அந்த வயதில் அந்த இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. யாக்கோபு அதன்பின் எகிப்தில் 17 வருஷம் உயிரோடிருந்தார். கடைசியில் அவருடைய சரீரத்தோடு ரதங்கள் கானானுக்குத் திரும்பி வந்தன.

ஆகையால் நான் அவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான். பெயெர்செபாவில் நில்லுங்கள். இருவரும் சேர்ந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்களிடம் பணம் கேட்பதற்காக அல்ல. வழியில் ஏதாவது ஆனால் யார் வருவது, யாரை அழைப்பது, ஓட்ட முடியாத நாளில் வண்டியை என்ன பண்ணுவது என்பதை வாய்விட்டுப் பேசுவதற்காக. கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். தேவனே பேசினாரே, நாம் பேசினால் என்ன? தபால் நிலையப் பணத்தைத் தொடுவதற்கு முன், டிரைவரோடு ஒரு கேரவனைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்துப் போய் வாருங்கள். செலவு அதிகம்தான், 20 லட்சத்தைவிடக் குறைவு. பத்து நாளில் அம்மாவின் முழங்கால் அந்தப் படியில் ஏறி இறங்குமா, ஐயாவுக்கு அந்தக் கட்டிலில் தூக்கம் வருமா, இரண்டு பேர் அத்தனை சின்ன இடத்தில் சண்டையில்லாமல் இருப்பார்களா என்று தெரிந்துவிடும்.

"மூணாவதுதாங்க சந்தேகம்" என்றார்கள் அம்மா.

இரண்டு வாரம் கழித்து மகனும் மகளும் வந்துபோனார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. தை மாதம் பத்து நாள் வாடகை வண்டியில் குமரி வரைக்கும் போவதாக ஐயா சொன்னார். வழியில் திருநெல்வேலி. அதற்கப்புறம்தான் முடிவு. அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பர்சிலாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். தான் வரவில்லை என்றவன், கிம்காமை ராஜாவோடே அனுப்பினான். கிம்காம் அவனுடைய மகன் என்றுதான் வேத வியாக்கியானிகள் சொல்லுகிறார்கள். பல தலைமுறை கழித்து எரேமியா 41-ல், பெத்லெகேமுக்குச் சமீபத்தில் கிம்காமின் பெயரால் ஒரு பேட்டை இருந்ததை வாசிக்கிறோம். எகிப்துக்குப் போகிற வழியில் ஜனங்கள் வந்து தங்கின இடம். பிரயாணம் வேண்டாம் என்ற கிழவனுடைய வீட்டார் பெயரில் பிரயாணிகள் தங்குகிற இடம்!

அம்மா அன்றைக்குச் சொன்ன வார்த்தையிலிருந்து என் மனதில் இது ஓடிக்கொண்டிருக்கிறது. நம் சபை விசுவாசிகளின் வீடுகள் இந்த ரோடு நெடுக இருக்கின்றனவே. தரைத்தளத்தில் மேல்நாட்டு மாதிரிக் கழிவறை உள்ள வீடுகளின் விலாசங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், கன்வென்ஷனுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, பிள்ளைகளைப் பார்க்கவோ போகிற நம் முதியவர்கள் அரைமணி நேரம் இறங்கி, முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்களே. வாசலில் வண்டி நிற்க இடம் வேண்டும். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டும்.

நோட்டு என் மனைவியிடம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். இதுவரை பாலக்கோட்டில் ஒன்று, காரிமங்கலத்தில் ஒன்று, அரூரில் இரண்டு, பென்னாகரத்தில் ஒன்று வந்திருக்கின்றன. தொப்பூர் பக்கம் இன்னும் யாரும் கொடுக்கவில்லை.